ரிமோட் காருக்கு எங்கே, எவ்வளவு கிரீஸ்?

(சமுதாயக் கூடத்தில் நடந்த சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் சார் என்னை இருபது நிமிஷம் பேசச் சொன்னார். தலைப்பை அவர் வாசித்ததும் பின் வரிசையில் யாரோ சிரித்தது காதில் விழுந்தது. நியாயமான சிரிப்புதான். நான் பி.காம். படித்தவன். வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவன். வீட்டில் மிக்ஸி மூடியைக் கழற்றக்கூட என்னை நம்பிக் கொடுப்பதில்லை.

ஆனால் போன மாதம் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய தாளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கார் நிறுத்தும் தளத்தில் பிள்ளைகள் ரிமோட் கார் ஓட்டுவதற்குத் தடை போடலாமா என்று இந்தக் கூட்டத்தில் முடிவு செய்யப் போகிறோம். புகார்கள் இரண்டு. ஒன்று, சாயங்காலமானால் கீச்கீச்சென்று காதைக் கிழிக்கிற சத்தம். இன்னொன்று, நடைப்பயிற்சி போகிற பெரியவர்களின் காலில் வந்து இடிக்கிறது. இரண்டாவது புகாருக்கு என்னிடம் மறுப்பு கிடையாது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதல் புகாருக்குப் பதில் உண்டு. அந்தச் சத்தத்தில் பாதிக்கு மேல் கிரீஸ் இல்லாத இடத்தில் வருகிறது, அல்லது கூடாத கிரீஸ் இருக்கிற இடத்தில் வருகிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு பிள்ளையின் காரைக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பெண் நம் வளாகத்தில்தான் இருக்கிறாள். எட்டாம் வகுப்பு. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். பெயர் சொல்லக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. அவளுடைய சித்தப்பா வெளிநாட்டிலிருந்து வரும்போது ஒரு கார் கிட் வாங்கி வந்தார். டாமியா என்ற ஜப்பான் கம்பெனியின் டிடி-02. ஓடுகிற காராக அது வராது. பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் பாகங்கள், பொட்டலம் பொட்டலமாகத் திருகாணி, ஒரு மோட்டார், ஒரு சின்ன கிரீஸ் டியூப், ஒரு வரைபடப் புத்தகம். அரையாண்டு விடுமுறை முழுக்க உட்கார்ந்து அவளே பூட்டினாள். நான்கு சக்கரத்துக்கும் மோட்டார் விசை போகும். முன்னால் ஒரு கியர்பாக்ஸ், பின்னால் ஒரு கியர்பாக்ஸ், நடுவில் நீளமாக ஒரு தண்டு. நிஜ ஜீப்பில் இருப்பது எல்லாம் அதில் இருக்கிறது.

நாலைந்து மாதம் ஓடிய பிறகு கார் கத்த ஆரம்பித்தது. சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான், கேட்காமலே வைத்தியம் சொன்னேன். "எண்ணெய் போட்டா சரியாயிடும் கண்ணு, குடு இப்படி."

வீட்டில் என்ன இருந்ததோ அதெல்லாம் போட்டேன். துரு கழற்றுகிற ஸ்ப்ரே ஒன்று இருந்தது, கியர்பாக்ஸ் இடுக்கில் குழாயை விட்டு நன்றாக அடித்தேன். அதன் மேல் தையல் மெஷின் எண்ணெய். அதற்கும் மேல், பைக் சங்கிலிக்கு வாங்கி மிச்சமிருந்த கிரீஸை விரலால் எடுத்து, வெளியே தெரிந்த பல்லுக்கெல்லாம் அப்பினேன். கார் இரண்டு நாள் பூனை மாதிரி ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது நம் காம்பவுண்டு சுவர் வேலை நடந்துகொண்டிருந்தது. எம்-சாண்ட் குவியல் ஞாபகம் இருக்கும். மூன்றாவது வாரம் பின் சக்கரங்கள் நின்றுவிட்டன. திறந்து பார்த்தால் உள்ளே கறுப்பாக ஒரு விழுது. மணலும் கிரீஸும் சேர்ந்து அரைத்த விழுது. பல் தீட்டுகிறவன் கையில் உப்புத்தாள் கொடுத்த மாதிரி, அது பெரிய கியரின் பற்களைத் தின்றிருந்தது. பின் கியர்பாக்ஸைப் பிடித்திருந்த திருகாணிக் குழி இரண்டு இடத்தில் கீறிப் பிளந்திருந்தது.

அவளுடைய அம்மா பெருந்தன்மையாகத்தான் சொன்னார். "விடுங்க சார், விளையாட்டுச் சாமான்தானே." அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல், "பரவால்ல தாத்தா" என்றாள். அதற்குப் பிறகு பத்து நாள் அவள் கீழே வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். வாடிக்கையாளர் சத்தம் போட்டால் சமாளிக்கத் தெரியும். இதைச் சமாளிக்கத் தெரியவில்லை.

பதினோராம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். "தப்பு என்னுது. பார்ட்ஸ் நான் வாங்கித் தரேன். நீ மாட்டு, நான் பக்கத்துல உக்காந்து கத்துக்கறேன்" என்றேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மேனுவலப் படிச்சீங்களா தாத்தா?" படிக்கவில்லை. எங்கெங்கே கிரீஸ் வைக்க வேண்டும் என்று அதில் ஒவ்வொரு படத்திலும் குட்டி டியூப் அடையாளம் போட்டிருக்கிறது. தலைமை அலுவலகச் சுற்றறிக்கையை வரி விடாமல் படித்து ஃபைலில் கோத்தவன், ஒரு பிள்ளையின் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

சரி, நான் செய்தது எதெல்லாம் தப்பு என்று சொல்கிறேன். அதற்கு முதலில் டிஃபரன்ஷியல் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். லாரி ஒர்க்‌ஷாப்பில் 'க்ரௌன் பினியன்' என்பார்களே, அந்த உருண்டைக்குள் இருக்கிற சமாச்சாரம்.

குடியரசு தினத்தன்று நம் பிள்ளைகள் வரிசையாக அணிவகுத்துத் திரும்பினார்களே, நினைத்துப் பாருங்கள். உள்பக்கம் நிற்கிற பையன் நின்ற இடத்திலேயே கால் மாற்றுவான். வெளிப்பக்கத்துப் பெண் ஓடி வர வேண்டும். வண்டிச் சக்கரத்துக்கும் இதேதான். மாட்டு வண்டிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. இழுப்பது மாடு, சக்கரங்கள் அச்சில் தனித்தனியாகத் தன் பாட்டுக்குச் சுற்றும். ஒரே மோட்டார் இரண்டு சக்கரத்தையும் தள்ள வேண்டும் என்று வரும்போதுதான் சிக்கல். இரண்டையும் ஒரே கம்பியில் இறுக்கிவிட்டால், திருப்பத்தில் ஒன்று இழுபடும். இதற்கு 1820களின் கடைசியில் பெக்கர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக்காரர், நீராவி வண்டிக்காக, இன்றைய காரில் உள்ளது மாதிரியான டிஃபரன்ஷியலை அமைத்தார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், பழக்கதோஷம். எங்கள் காரில் இடது வலது டயர்களுக்கு நடுவே சுமார் 16 செ.மீ. இடைவெளி. கார் ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிடச் சுமார் 1 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வட்டம் சின்னதா பெரியதா என்பதே பிரச்சினை இல்லை, எந்த வட்டத்துக்கும் அதே 1 மீட்டர். எங்கள் காலத்தில் வங்கியில் நாள் முடிவில் கணக்கு ஒட்டாவிட்டால் 'டிஃபரன்ஸ்' என்போம். ஐந்து ரூபாய் டிஃபரன்ஸுக்கு இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்திருக்கிறோம். இங்கே அந்த 1 மீட்டர் டிஃபரன்ஸை, உருண்டைக்குள் இருக்கிற சின்ன கியர்கள் உடனுக்குடன் ஒட்டவைத்துவிடுகின்றன.

உள்ளே பார்த்தால் எளிமைதான். இடது சக்கரத்துக்கு ஒரு கூம்புக் கியர், வலதுக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் மூன்று குட்டிக் கியர்கள். நேராக ஓடும்போது எல்லாம் ஒரே கட்டாகச் சுற்றும். திரும்பும்போது மட்டும் குட்டிகள் தன் அச்சில் உருண்டு, ஒரு பக்கம் கொடுத்து மறு பக்கம் வாங்கும்.

இதில் ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் மணலிலோ காற்றிலோ இருந்தால், சுற்றல் முழுக்க அதற்கே போய்விடும். நல்ல தரையில் இருக்கிற சக்கரம் சும்மா நிற்கும். சேற்றில் மாட்டிய காரில் ஒரு சக்கரம் மட்டும் சர்ரென்று சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள்.

இங்கேதான் என் மண்டையில் அடித்த விஷயம் வருகிறது. எண்ணெய் என்றால் வழுவழுப்புக்கு என்று நினைத்திருந்தேன். டிஃபரன்ஷியலுக்குள் போடுகிற எண்ணெய்க்கு முக்கியமான வேலை வேறு: குட்டிக் கியர்கள் இஷ்டத்துக்கு உருளாமல் பிடித்து நிறுத்துவது. விளக்கெண்ணெயில் கரண்டியைச் சுழற்றுவதற்கும் தண்ணீரில் சுழற்றுவதற்கும் உள்ள வித்தியாசம். கெட்டியாக இருந்தால் வேகமாக உருள விடாது, அதனால் தரையில் இருக்கிற சக்கரத்துக்கும் கொஞ்சம் விசை போகும். கியர்பாக்ஸில் வைக்கிற கிரீஸோ உண்மையிலேயே தேய்மானத்தைக் குறைக்க. ஒரே காரில், இரண்டு அங்குல இடைவெளியில், இரண்டு எதிரெதிரான வேலை. நான் சேமிப்புக் கணக்கையும் கடன் கணக்கையும் ஒரே லெட்ஜரில் எழுதிவிட்டேன்.

டிஃபரன்ஷியல் எண்ணெய் சிலிக்கோன் எண்ணெய். புட்டியில் ஒரு எண் போட்டிருக்கும், சென்டிஸ்டோக்ஸ் என்ற அளவில். தண்ணீர் என்றால் ஏறக்குறைய 1. விளக்கெண்ணெய் நம் அறை வெப்பத்தில் பல நூறு. டிஃபரன்ஷியல் எண்ணெயோ 1,000-இல் ஆரம்பித்துப் பல லட்சம்வரை கிடைக்கிறது. லட்சத்துக்கு மேல் போனால் அது எண்ணெயே இல்லை, பாகுதான். எட்டில் ஒரு பங்கு அளவில் வருகிற பெரிய பந்தயக் கார்களில் மூன்று டிஃபரன்ஷியல் இருக்கும். முன்னால் 5,000, நடுவில் 7,000, பின்னால் 3,000 என்று வைத்து ஆரம்பித்து, ஓட்டிப் பார்த்து மாற்றுவார்கள். பின்னால் ரொம்பக் கெட்டியாக்கினால் திருப்பத்தில் வண்டியின் வால் வெளியே வீசும். சிலிக்கோன் எண்ணெயின் நல்ல குணம், சூடு ஏறினால் மற்ற எண்ணெய் மாதிரி சட்டென்று இளகிவிடாது. சித்திரை வெயிலில் நம் மொட்டை மாடியில் ஓட்டினாலும் மார்கழிக் காலையில் ஓட்டினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஊற்றுவதிலும் பக்குவம் உண்டு. விளிம்புவரை ஊற்றக் கூடாது. குட்டிக் கியர்களைத் தாங்குகிற குறுக்குக் கம்பி மூழ்கிற அளவு போதும். மெதுவாகக் கையால் சுற்றிவிட்டு, கால் மணி நேரம் அப்படியே வைத்தால் குமிழிகள் மேலே வரும். குறைந்த அளவை நிரப்பிவிட்டு மூட வேண்டும். விளிம்புவரை ஊற்றினால் சூட்டில் விரிந்து ரப்பர் வளையத்தைத் தாண்டிக் கசியும். மூடித் திருகாணிகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பந்தயக்காரர்கள் டிஃபரன்ஷியலைத் தராசில் வைத்து எடைகூடக் குறித்துக்கொள்கிறார்கள், அடுத்த முறை அதே அளவு ஊற்றுவதற்கு. இது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

கவனிக்க வேண்டியது: எங்கள் டிடி-02-இல் கிட்டோடு வருகிற டிஃபரன்ஷியல் எண்ணெய் நிற்கிற மாதிரி அடைத்தது இல்லை. அதில் எண்ணெய் ஊற்றினால் ஒழுகித் தரையில்தான் கிடக்கும். அதற்குப் பிசுபிசுப்பான கெட்டி கிரீஸ் வைப்பார்கள். அந்தக் கம்பெனியே 'ஆன்டி-வேர்' என்று ஒன்று விற்கிறது. விரலில் ஒட்டினால் நூலாக இழுக்கும். நாங்கள் முன் டிஃபரன்ஷியலில் அதை வைத்தோம், பின்னால் கிட்டில் வந்த சாதாரண கிரீஸ். அவள் முடிவு அது. திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது முன் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து இழுக்க வேண்டுமாம். ஓட்டிப் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது.

பந்து வைத்த டிஃபரன்ஷியல் என்று இன்னொரு வகை உண்டு. அதில் இரண்டு இடத்துக்கு இரண்டு கிரீஸ்: பந்துகளுக்குத் தெளிவான சிலிக்கோன் கிரீஸ், அழுத்தம் தாங்குகிற பேரிங்குக்குக் கறுப்பு மாலிப்டினம் கிரீஸ். கறுப்பைப் பந்துக்குப் போட்டால் வழுக்கிக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டில் அது இருந்தால் தனியாக என்னிடம் வாருங்கள். இருவரும் சேர்ந்து மேனுவலைப் பார்ப்போம்.

இனி கியர்பாக்ஸ். மோட்டாரில் இருக்கிற சின்ன கியருக்கு 22 பல். அது சுற்றுகிற பெரிய கியருக்கு 70 பல். அதற்குப் பிறகு கியர்பாக்ஸுக்குள் இன்னொரு 2.6 மடங்கு குறைகிறது. பெருக்கினால் 8.27. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற மோட்டார் எட்டுச் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதனால் மோட்டார் பக்கத்துப் பற்களில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் சீக்கிரம் தேயும். இந்த முதல் ஜோடி திறந்த வெளியில் இருக்கிற கார்களில் அங்கே கிரீஸே வேண்டாம், காய்ந்தே ஓடட்டும். பிளாஸ்டிக் கியர் அதைத் தாங்கும், மணல் ஒட்டுவதைத்தான் தாங்காது. மூடி உள்ள காரில் மெல்லியதாகத் தடவலாம். நான் அப்பியது அப்பளத்துக்கு மாவு பிசைகிற அளவு.

மூடிய கியர்பாக்ஸுக்குள் கண்டிப்பாக வேண்டும். எவ்வளவு? பல்குத்தும் குச்சியின் நுனியில் எடுத்து, பல்லின் பக்கவாட்டில் வைத்து, கையால் சுற்றிவிட வேண்டும். தடவிய பிறகும் கியரின் நிறம் தெரிய வேண்டும். அதிகம் வைத்தால் சுற்றுகிற வேகத்தில் சுவரில் போய் அப்பிக்கொள்ளும், பல்லில் நிற்காது.

எந்த கிரீஸ்? பிளாஸ்டிக்குக்கு ஆகும் என்று டியூபில் எழுதியிருப்பது. திருகாணிக் குழி பிளந்ததற்குக் காரணம் இங்கே இருக்கிறது. காரின் அடித்தட்டு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். பெட்ரோலிய எண்ணெயும் ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பானும் அதற்கு ஆகாது. சும்மா கிடக்கிற இடத்தில் ஒன்றும் தெரியாது. திருகாணி இறுக்கிப் பிடித்து அழுத்தம் உள்ள இடத்தில் மட்டும் கீறல் விடும். அந்த ஸ்ப்ரே ஏற்கெனவே இருந்த நல்ல கிரீஸையும் கழுவிவிட்டது என்பது கூடுதல் நஷ்டம்.

கடைசியில் அந்தக் கீச்சொலி எங்கிருந்து வந்தது தெரியுமா? கியரே இல்லை. கிட்டில் அச்சுகளைத் தாங்க பிளாஸ்டிக் புஷ் கொடுத்திருந்தார்கள். இரும்பு அச்சு காய்ந்த புஷ்ஷில் சுற்றினால் கத்தும். அவற்றைக் கழற்றி, 11 மி.மீ. வெளிவிட்டமும் 5 மி.மீ. துளையும் உள்ள பால் பேரிங் போட்டோம். பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு, ஒரே சொட்டு. கத்தல் நின்றது. இத்தனை நாசமும் பண்ணியது, கை வைக்கவே தேவையில்லாத இடத்தில்.

ஆகவே பெற்றோர்கள் காதால் கேளுங்கள். கீச்சென்றால் புஷ் காய்ந்திருக்கிறது. கரகரவென்றால் உள்ளே மணல். டக்டக்கென்றால் பல்லில் கல் சிக்கியிருக்கிறது, அல்லது பல் உடைந்திருக்கிறது, உடனே நிறுத்துங்கள். மோட்டாரின் ரீங்காரம் இருக்கத்தான் செய்யும், அதற்கு மருந்து இல்லை.

கழுவுவது சுலபம். பிளாஸ்டிக் கியர்களைக் கழற்றி, பாத்திரம் கழுவுகிற திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவைக்க வேண்டும். பேரிங்கைத் தண்ணீரில் போடாதீர்கள். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள். திருகாணிகள் உருளாமல் இருக்க எங்கள் வீட்டுப் பழைய இட்லித் தட்டை எடுத்துக்கொண்டோம்; ஒவ்வொரு குழியிலும் ஒரு வகைத் திருகாணி. என் மனைவிக்கு இதில் இன்னும் வருத்தம்தான். திருகாணியைப் பிளாஸ்டிக்கில் திரும்பப் போடும்போது முதலில் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். 'டிக்' என்று பழைய மரையில் விழும். பிறகு இறுக்குங்கள். இல்லாவிட்டால் புது மரை வெட்டிக் குழி தளர்ந்துவிடும். இதுவும் அவள் சொல்லித் தந்ததுதான். பாகங்கள் வந்து சேர மூன்று வாரம் ஆனது. பூட்ட இரண்டு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது ஞாயிறு அவள் எனக்குப் பின் கியர்பாக்ஸைத் தனியாகப் பூட்டக் கொடுத்தாள். பூட்டி முடித்து நிமிர்ந்தால், மேஜையில் ஒரு ஷிம் மிச்சம் கிடந்தது. டிஃபரன்ஸ். மறுபடி கழற்றினோம்.

இப்போது அவள் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள்: தேதி, எத்தனை பேட்டரி ஓடியது, எங்கே என்ன வைத்தோம். பத்து பேட்டரிக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கிறோம். மணலில் ஓட்டினால் அன்றைக்கே.

இரண்டாவது புகாருக்கு வருகிறேன். ஒன்றரைக் கிலோ எடையுள்ள கார், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கணுக்காலில் இடித்தால் விளையாட்டு இல்லை. மூன்றாவது மாடி மாமி விழப் பார்த்தது உண்மை. நடைபாதையில் ஓட்டக் கூடாது என்பதற்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் முழுத் தடை வேண்டாம். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இருக்கிற சிமென்ட் தரையை மாலை 5 முதல் 6.30 வரை பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அந்தப் பக்கம் யாரும் நடப்பதில்லை. கத்துகிற கார் எதுவாக இருந்தாலும் சரிபார்க்காமல் இறக்கக் கூடாது என்ற பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். கிரீஸ் துணியைச் சாக்கடையில் போட மாட்டோம் என்று பிள்ளைகளிடம் எழுதியே வாங்கியிருக்கிறேன்.

சங்கத்திடம் கேட்பது ஒரு பழைய மேஜையும் ஒரு டியூப்லைட்டும் மட்டும். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை 10 மணிக்கு உட்காருவோம். காரோடு அதன் மேனுவலையும் கொண்டு வர வேண்டும். மேனுவல் இல்லாத காரைத் தொட மாட்டேன். எண்ணெய் எதுவும் வீட்டிலிருந்து கொண்டு வர வேண்டாம். பழைய செய்தித்தாள் இருந்தால் கொண்டு வாருங்கள்.